சண்டைக்கு வளர்த்த நாயை வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

கொங்குப் பகுதி நகரம் ஒன்றில் சொந்த வீட்டில் வசிக்கிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 6 வயது மகள், 70-ஐத் தாண்டிய மாமியார், 9 வயதான ஜூலி என்கிற நாட்டு நாய். இதுதான் குடும்பம். சனிக்கிழமைகளில் இவர் உதவிக்குப் போகும் விலங்குகள் காப்பகத்தில் சில மாதங்களாக ‘மணி’ என்று ஓர் ஆண் நாய் இருக்கிறது. பிட்புல் கலப்பு, வயது நான்கு இருக்கலாம். பந்தயம் கட்டி நாய்ச்சண்டை நடத்திய தோட்டம் ஒன்றில் போலீஸ் சோதனை போட்டபோது மீட்ட நாய்களில் அதுவும் ஒன்று. முகத்திலும் முன்னங்கால்களிலும் தழும்புகள், இடது காதில் பாதி இல்லை. ஆனால் மனிதர்களைக் கண்டால் குழைகிறது. இவர் போய்த் தரையில் உட்கார்ந்தால் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிடுகிறது.

காப்பகத்தில் இடமில்லை, ‘நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க’ என்கிறார்களாம். கணவருக்குச் சம்மதம். இப்படி ஒரு நாய் வாசலில் நின்றால் திருடன் எட்டிப் பார்க்கமாட்டான் என்கிறார். மாமியார் முதலில் பயந்தவர், இப்போது ‘கறியே கண்ணில் காட்டாமல் தயிர்சாதம் போட்டு வளர்த்தால் சாந்தமாகிவிடும்’ என்று இறங்கி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, ரத்த ருசி கண்ட நாய் என்றைக்காவது குழந்தையைப் பிடிக்கும், பிடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்று எச்சரிக்கிறார். ஒரு பயிற்சியாளர் 21 நாளில் ‘அடக்கி’த் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ‘அன்பு காட்டினால் மாறாத உயிர் உண்டா டாக்டர்? கூட்டி வரலாமா? ஜூலியோடு பழகிவிடுமா? சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா?’ என்று கேட்கிறார்.

சகோதரி,

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மணியை இப்போதைக்குக் கூட்டி வராதீர்கள். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில விஷயங்கள் தெரியாமல் அந்த நாயை உங்கள் கேட்டுக்குள் கொண்டுவருவது மணிக்கும் நல்லதில்லை, ஜூலிக்கும் நல்லதில்லை. அவை என்ன என்று விளக்கமாகவே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் பாசம் உண்மையானது, அதற்கு அவசரமான பதில் எழுத எனக்கு மனமில்லை.

சண்டைக்கு வளர்த்த நாய் என்றதும் நம்மவர்களுக்கு வருகிற முதல் பயம், மனிதரைக் கடிக்கும் என்பது. உங்கள் வீட்டிலும் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான் நடந்திருக்கிறது. நான் பார்த்தவரை பயம் இடம் மாறிப் போயிருக்கிறது. இந்த நாய்களால் மனிதருக்கு வரும் ஆபத்து நாம் நினைப்பதைவிடக் குறைவு. மற்ற நாய்களுக்கு வரும் ஆபத்து நாம் நினைப்பதைவிட அதிகம்.

இதற்குக் காரணம் சண்டை நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. பிட்புல் சண்டைகளில் களத்துக்குள் நாய்களோடு ஆட்களும் நிற்பார்கள். கவ்விக்கொண்டிருக்கும் இரண்டு நாய்களைக் கையால் பிடித்துப் பிரிப்பார்கள், அங்கேயே காயத்தைப் பார்ப்பார்கள். அந்த வெறியிலும் பிடித்தவன் கையைக் கடிக்காத நாய்தான் அவர்களுக்கு வேண்டும். கடிக்கிற நாயை அவர்கள் வைத்திருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படிப் பொறுக்கி எடுத்ததால், இன்னொரு நாயைக் கண்டால் பாய்கிற, மனிதரைக் கண்டால் வாலாட்டுகிற நாய்கள் உருவாயின. மணி உங்கள் மடியில் தூங்குவது நடிப்பும் இல்லை, அதிசயமும் இல்லை.

ஆனால் இதை எல்லா நாய்க்கும் பொருத்திவிட முடியாது. நம் நாட்டில், பஞ்சாப், ஹரியானா பக்கம், சண்டைக்கு விடும் புல்லி குத்தா வகை நாய்களைக் காவலுக்கும் வைத்திருக்கிறார்கள். ஆளைப் பார்த்துச் சீறுவதும் அங்கே ஒரு தகுதி. மணி எந்தக் கலப்பு, எப்படி வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இனத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மடியில் தூங்கியதைப் பார்த்து நிம்மதியாகவும் வேண்டாம். அந்த ஒரு நாயைப் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இப்படித் தனித்தனியாகப் பார்ப்பதற்கு வழிகாட்டிய வழக்கு ஒன்று உண்டு. 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மைக்கேல் விக் என்கிற பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரருக்குச் சொந்தமான இடத்தில் 50-க்கும் மேற்பட்ட பிட்புல் நாய்கள் சிக்கின. அதுவரை இப்படி மீட்ட நாய்களைப் பெரும்பாலும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் அங்கே வழக்கம். இந்த வழக்கில் நாய்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். அவற்றின் நலனைக் கவனிக்க ரெபெக்கா ஹஸ் என்கிற சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் நியமித்தது. பரிசோதித்த 49 நாய்களில் மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. லியோ என்கிற நாய், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் நாயாகவே ஆனது. கடைசியாக உயிரோடு இருந்த ஃப்ரோடோ 2021 டிசம்பரில்தான் இறந்தது.

இந்தக் கதையை உங்களிடம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். அதன் மறுபாதியைச் சொல்லியிருக்கமாட்டார்கள். கடினமானவை என்று ஒதுக்கிய 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் பெஸ்ட் ஃபிரண்ட்ஸ் என்கிற பெரிய காப்பகத்துக்குப் போயின. அவற்றில் பல நாய்கள் நன்னடத்தைத் தேர்வு ஒன்றில் தேறிய பிறகே வீடுகளுக்குப் போக முடிந்தது. லூகாஸ் என்கிற நாய், நீதிமன்ற உத்தரவுப்படி சாகும்வரை காப்பகத்தை விட்டு வெளியே போகவில்லை. பராமரிப்புச் செலவுக்காக விக் 9 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணமும், முழுநேரப் பயிற்சியாளர்களும், ஆண்டுக்கணக்கான பொறுமையும் சேர்ந்துதான் அந்த நாய்கள் மீண்டன. ‘அன்பு காட்டினால் மாறாத உயிர் உண்டா’ என்று கேட்டீர்கள். அன்பு இல்லாமல் எதுவும் நடக்காது, சரி. ஆனால் அன்பு மட்டும் போதாது என்பதற்கும் இதே நாய்கள்தான் சாட்சி.

நீங்கள் கேள்விப்பட்டவை

ரத்த ருசி கண்ட நாய் மனிதரைத் தேடிக் கடிக்கும் என்பதில் உண்மையில்லை. நாய்க்கு நாய் மேல் உள்ள கோபம் ஒன்று, மனிதர் மேல் உள்ள பயமோ கோபமோ வேறொன்று. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. அதேபோல எந்த நாயின் தாடையிலும் பூட்டு கிடையாது. பிட்புல்லின் தாடை எலும்பும் மற்ற நாய்களுடையது போலத்தான். கவ்வியதை விடாமல் உலுக்கும் பழக்கம்தான் வித்தியாசம். அந்தப் பழக்கம் உண்மையிலேயே ஆபத்தானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கறி போட்டால் வெறி வரும், தயிர்சாதம் போட்டால் சாந்தமாகும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாக ஓடும் நம்பிக்கை. உங்கள் மாமியார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் காயத்தோடும் மெலிவோடும் வந்த நாய்க்கு வெறும் தயிர்சாதம் போட்டால் தசை கரையும், புண் ஆறுவது தள்ளிப்போகும். முட்டையும் வேகவைத்த கோழியும் அதன் குணத்தைக் கெடுக்காது. கவனிக்க வேண்டியது எங்கே, யார் பக்கத்தில் இருக்கும்போது தட்டை வைக்கிறீர்கள் என்பதைத்தான்.

கருத்தடை செய்தால் சண்டைக் குணம் போய்விடும் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தால், அது பாதி உண்மைகூட இல்லை. கற்றுக்கொண்ட சண்டை அறுவை சிகிச்சையில் போகாது. இருந்தாலும் அது கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று. இந்த ரத்தத்தில் குட்டி வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த 21 நாள் பயிற்சியாளரை மட்டும் கைவிட்டுவிடுங்கள். அடித்தும், கழுத்தை இறுக்கியும், ஷாக் பெல்ட் போட்டும் ‘அடக்கிய’ நாய் உறுமுவதைத்தான் நிறுத்தும், கடிப்பதை அல்ல. உறுமல் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. சண்டை நாய்கள் பலவற்றுக்கு அந்த எச்சரிக்கை ஏற்கெனவே குறைவு. காதை மடக்காமல், பல்லைக் காட்டாமல் நேராகப் பாயும். மிச்சமிருக்கும் கொஞ்ச எச்சரிக்கையையும் காசு கொடுத்து அழிக்க வேண்டுமா?

கணவரின் காவல் நாய் யோசனை பற்றியும் ஒரு வார்த்தை. மனிதரைக் கண்டால் குழைகிற நாய் திருடனையும் கண்டு குழையும். அப்படிக் குழையாமல் இருக்க அதை உசுப்பிவிட்டால், மணியிடம் இன்று இருக்கும் ஒரே நல்ல விஷயத்தை நாமே கெடுத்தவர்களாவோம். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரும், பார்சல் கொண்டு வரும் பையனும், மகளின் பள்ளித் தோழியும் அதே கேட்டைத் திறந்துதான் வருகிறார்கள். காவலுக்காகத்தான் மணி வேண்டும் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

ஜூலி

உங்கள் கடிதத்தில் ஜூலியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமான வரி.

‘ரெண்டு நாள் சண்டை போடும், அப்புறம் அதுங்களே பழகிக்கும்’ என்று காப்பகத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரண நாய்கள் இரண்டுக்கு நடுவே அது பல நேரம் உண்மை. ஒன்று உறுமும், மற்றது ஒதுங்கும், விஷயம் முடிந்துவிடும். சண்டைக்கென்று வளர்த்த நாயிடம் இந்தப் பேச்சுவார்த்தை நடக்காமல் போகலாம். ஜூலி ஒதுங்கிப் படுத்துச் சரணடைந்தாலும் அது விடாமல் போகலாம். ஒன்பது வயது நாட்டு நாய் அந்தப் பிடியில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்தால், மகள் கண்ணெதிரில் நடக்கும்.

மணி அப்படித்தான் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. விக் வழக்கின் நாய்களில் மற்ற நாய்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவையும் உண்டு. ஆனால் அது தெரிய முறையான பரிசோதனை வேண்டும். முதலில் நிஜ நாய் போலவே இருக்கும் பொம்மையைத் தூரத்தில் காட்டிப் பார்ப்பார்கள். பிறகு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நிதானமான நாய். அதற்கும் சரியாக இருந்தால், திறந்த மைதானத்தில் இரண்டு பேர் இரண்டு நாய்களைத் தனித்தனிக் கயிற்றில், போதுமான இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடத்திப் போவார்கள். மணிக்கு வாய்மூடி போட்டிருக்கும். நேருக்கு நேர் நிறுத்தமாட்டார்கள். இடைவெளி நாள் கணக்கில், வாரக் கணக்கில் குறையும். மணியின் உடம்பு விறைக்கிறதா, கண் ஒரே இடத்தில் நிலைக்கிறதா, கோழித் துண்டைக் காட்டினால் திரும்பிப் பார்க்கிறதா என்பதையெல்லாம் ஒருவர் குறித்துக்கொண்டே வருவார். உங்கள் காப்பகத்தில் இதைச் செய்யத் தெரிந்தவர் இல்லையென்றால், விலங்கு நடத்தையில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள். ஜூலியை வைத்து இந்தப் பரிசோதனையை ஆரம்பிக்கவே கூடாது.

எல்லாவற்றிலும் தேறினாலும், இரண்டையும் ஒன்றாகத் தனியே விட முடியாது. எலும்பு, தட்டு, பந்து, காலிங் பெல் சத்தம், ஒடுக்கமான நடைவழி, வெளியே போன ஆள் வீடு திரும்பும் நேரம். நாய்ச்சண்டைகள் பெரும்பாலும் இந்த நேரங்களில்தான் வெடிக்கும். ஆகவே முறைவைத்துப் பிரிக்க வேண்டும். ஒன்று கூடத்தில் இருந்தால் மற்றது அறையில், நடுவே எப்போதும் மூடிய இரண்டு கதவுகள்.

இந்த இடத்தில்தான் உங்கள் வீட்டுச் சூழல் எனக்கு உறுத்துகிறது. காலையில் நீங்களும் கணவரும் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை அந்தக் கதவுகளைத் திறந்து மூட வேண்டியவர் உங்கள் மாமியார். பள்ளியிலிருந்து குழந்தை ஓடி வருகிறது, ஜூலி வாலாட்டிக்கொண்டு எழுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது. இந்தச் சத்தத்துக்கு நடுவில், எழுபதைக் கடந்த ஒருவர், ஒரு நாள்கூடத் தாழ்ப்பாளை மறக்காமல் இருக்க வேண்டும். ஜூலி இருக்கும்வரை, இனி எத்தனை வருடமோ அத்தனை வருடமும். அவரிடம் இதை யாராவது கேட்டீர்களா? ‘நாய் வரட்டுமா’ என்று கேட்டிருப்பீர்கள். இந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கமாட்டீர்கள்.

தெரு

வெளிநாட்டு மீட்புக் கதைகளில் இல்லாத ஒன்று நம் ஊரில் இருக்கிறது. முனைக்கு முனை தெருநாய்கள். அங்கே தத்தெடுத்தவர் தன் நாயைக் கயிற்றில் பிடித்து நடந்தால், எதிரே வருவதும் கயிற்றில் வரும் நாய்தான். இங்கே கேட்டைத் தாண்டினால் நாலைந்து நாய்கள் குரைத்துக்கொண்டு சூழும். மணி அதில் ஒன்றைப் பிடித்துவிட்டால் அந்த நாய் பிழைக்காது. அதைத் தினமும் சோறு போட்டு வளர்க்கும் யாரோ ஒருவருக்கு அது ஜூலி மாதிரி.

வாய்மூடி போட்டுக் கூட்டிப் போகலாமே என்பீர்கள். கட்டாயம் போட வேண்டும்தான். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை வடிவ வாய்மூடியாக இருக்கட்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நம் வெயிலுக்கு ஆபத்து. ஆனால் வாய்மூடி போட்ட நாயைத் தெருநாய்கள் சூழ்ந்து கடித்தால் அதனால் தற்காத்துக்கொள்ள முடியாது. பழைய களம் திரும்ப வந்ததுபோல ஆகிவிடும், மாதக்கணக்கான பயிற்சி ஒரே காலையில் வீணாகும். ஆகவே தெருவில் நடைப்பயிற்சி என்பது மணிக்குப் பல மாதங்களுக்குக் கிடையாது. காரில் ஏற்றி, சுற்றிலும் அடைப்புள்ள தோட்டத்துக்கோ மைதானத்துக்கோ போக முடியுமா? முடியாதென்றால் காம்பவுண்டுக்குள்ளேயே ஓடும் இடம் வேண்டும். சுவர் ஐந்தடி என்று எழுதியிருக்கிறீர்கள், போதாது. கேட்டுக்கு அடியில் ஒரு நாயின் மூக்கு நுழையும் இடைவெளி இருந்தாலும் அதை அடைக்க வேண்டும். பகலில் கட்டிப் போட்டு ராத்திரி அவிழ்த்துவிடும் நம் ஊர்ப் பழக்கம் வேண்டவே வேண்டாம். இந்த நாய் தன் வாழ்நாளில் பாதியைச் சங்கிலியில் கழித்திருக்கும்.

மகள்

மனிதரிடம் குழைகிற நாயிடமும் 6 வயதுக் குழந்தையைத் தனியே விடக்கூடாது. இதை மணிக்காக மட்டும் சொல்லவில்லை, ஜூலிக்கும் இதேதான். தூங்கும் நாயைக் கட்டிப்பிடிப்பது, சாப்பிடும்போது பக்கத்தில் போவது, முகத்தோடு முகம் வைப்பது, இந்த மூன்றும் கூடாது என்று மகளுக்கு இன்றைக்கே பழக்குங்கள். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவை சண்டைக்களத்திலிருந்து மீட்டவை அல்ல, வீட்டில் வளர்த்தவை. பெரிய நாய், சின்னக் குழந்தை, பக்கத்தில் பொறுப்பான ஆள் இல்லை. இந்த மூன்றும் சேரும் இடத்தில் நாயின் பழைய கதை இரண்டாம் பட்சம்தான்.

வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொன்று. நாய்கள் கவ்விக்கொண்டால் நடுவே கையை விடாதீர்கள். மனிதரைக் கடிக்காத நாயும் அந்த நேரத்தில் எதன்மேல் பல் படுகிறது என்று பார்க்காது. கனமான போர்வையை மேலே போடலாம், வாளித் தண்ணீரை ஊற்றலாம், ஒரு பலகையை இடையில் செருகலாம். குழந்தையை முதலில் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். யாருக்காவது பல் பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது.

ரத்தத்தில் இருக்கக்கூடியது

இதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசவில்லை என்று நினைக்கிறேன். பேபேசியா கிப்சோனி என்று ஒரு கிருமி, சிவப்பணுக்களுக்குள் வாழ்வது. பொதுவாக உண்ணி மூலம் பரவும். சண்டை நாய்களில் கடி வழியாகவே நாய்க்கு நாய் பரவுகிறது. உலகம் முழுக்கப் பிட்புல் சண்டை நாய்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் தொற்று இது. நாய் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கிருமி இருக்கும். உடம்பு தளரும்போது ஈறு வெளுத்து, சோர்ந்து, சிறுநீர் கருத்து வெளியே தெரியும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் தப்பிவிடலாம், பிசிஆர் செய்தால்தான் உறுதி. வந்திருந்தால் அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து 10 நாள் கொடுக்கிறோம். முதல் மருந்து விலை அதிகம். சில மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். மணி ஜூலியை ஒரே ஒரு முறை கடித்தாலும் இது ஜூலிக்குப் போகலாம்.

இதோடு எர்லிச்சியா, இதயப்புழு, புருசெல்லா ஆகிய தொற்றுகளுக்கான பரிசோதனைகளும் வேண்டும். கடைசியாகச் சொன்னது அரிதாக மனிதருக்கும் வரக்கூடியது, வீட்டில் குழந்தையும் வயதானவரும் இருப்பதால் விட்டுவிடாதீர்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த கோரைப்பல், உடைந்த பல்லின் வேர் எல்லாம் தீராத வலி தரும். வலியோடு இருக்கும் நாயின் குணத்தை யாரும் சரியாகக் கணிக்க முடியாது.

மணி இன்று யாருடைய நாய்?

நாய்களைச் சண்டைக்குத் தூண்டுவதும் அதற்கு இடம் நடத்துவதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இத்தனை வருடம் கழித்தும் சட்டத்தில் அந்தத் தொகை அப்படியே நிற்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இப்படிப் பிடிபட்ட நாய் வழக்குச் சொத்து. இதற்கென்று 2017-இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வழக்கு முடியும்வரை நாயைக் காப்பகம் போன்ற இடத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். குற்றம் நிரூபணமானால் நாயின்மேல் பழைய உரிமையாளருக்கு இருந்த உரிமை போய், அது காப்பகத்துக்கே வரும். காப்பகம் அதன்பிறகு தத்துக் கொடுக்கலாம். குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானால் நாயைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே ‘கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று வாய் வார்த்தையாகச் சொல்வது போதாது. எஃப்ஐஆர் நகல், காப்பகத்தில் ஒப்படைத்த உத்தரவு, வழக்கு முடிந்ததா அல்லது பழைய ஆள் உரிமையை எழுத்தில் விட்டுக்கொடுத்தாரா என்பதற்கான காகிதம், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் மணி உங்கள் பெயருக்கு வர முடியாது. நீதிமன்ற அனுமதியோடு தற்காலிகமாக வைத்துக்கொள்ள வழி உண்டா என்று காப்பகத்தின் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

பிட்புல் இனத்துக்குத் தடை இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாம், விற்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் உள்ளாட்சிகள் தனியாக முடிவெடுக்கின்றன. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் தருவதை நிறுத்தியது. உங்கள் மாநகராட்சியின் நிலை என்ன என்று கால்நடைப் பிரிவில் எழுத்து மூலமாகவே கேளுங்கள். ‘கலப்புதானே, நாட்டு நாய் என்று எழுதிவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிறகு ஏதாவது நடந்தால் அந்தப் பொய்தான் முதலில் உங்களுக்கு எதிராக நிற்கும். வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் 6 மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நஷ்டஈட்டு வழக்கு தனி. ‘சண்டைக்கு வளர்த்தது என்று தெரிந்தே வாங்கினீர்களா’ என்ற கேள்விக்கு உங்களால் இல்லை என்று சொல்ல முடியாது.

இனி என்ன செய்யலாம்

முதலில் காகிதங்கள், பிறகு ரத்தப் பரிசோதனையும் பல்லும், பிறகு நடத்தைப் பரிசோதனை. மூன்றும் காப்பகத்திலேயே நடக்கட்டும். செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டால், மணிக்கென்று நீங்கள் ஒதுக்கத் தயாராக இருக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள். வீட்டுக்கு வராத நிலையிலும் அது வீணாகாது. எந்தக் குடும்பம் பின்னால் கேட்டாலும் அந்த அறிக்கை தேவைப்படும்.

மணி மற்ற நாய்களைச் சகிக்கிறது என்று தெரிந்தால், மாமியாரும் அந்தக் கதவு வேலையை மனதார ஏற்றுக்கொண்டால், நீங்கள் இருவரில் ஒருவர் முதல் மூன்று மாதமாவது பகலில் வீட்டில் இருக்க முடிந்தால், தத்து என்று எழுதாமல் தற்காலிகப் பராமரிப்பு என்று எழுதிக் கூட்டி வாருங்கள். எப்போது வேண்டுமானாலும் காப்பகம் மறு கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் நாய்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அதைப் பார்த்து விதிகளைத் தளர்த்திவிடாதீர்கள். உண்மையான குணம் வீடு பழகிய பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும்.

மற்ற நாய்களைக் கண்டாலே பாய்கிறது என்று தெரிந்தால், ஜூலி இருக்கும்வரை உங்கள் வீடு மணிக்கான வீடு இல்லை. அதற்காக ஜூலியை வேறெங்காவது கொடுத்துவிடும் யோசனை மனதில் எட்டிப் பார்த்தால் தயவுசெய்து அதை அங்கேயே விட்டுவிடுங்கள். வேறு பிராணியோ சிறு குழந்தையோ இல்லாத, தோட்டம் உள்ள, நாய் வளர்த்துப் பழகிய ஒருவரைத் தேடிக் கொடுப்பதுதான் அப்போது நீங்கள் மணிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. அதுவரை சனிக்கிழமைகளில் அதனிடம் போய் உட்காருங்கள். வாய்மூடியை அங்கேயே பழக்கலாம். வாய்மூடியின் உள்ளே கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய் தடவி, அதுவாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்து, சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும். வெண்ணெய் வாங்கும்போது சைலிட்டால் என்கிற இனிப்புப் பொருள் சேராததா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம். வாய்மூடி பழகிய சண்டை நாய்க்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

மனிதரிடமும் பாய்கிறது என்று பரிசோதனையில் தெரியவந்தால், காப்பகத்தில் நீண்ட கால அடைப்பு வாழ்க்கையா, வலியில்லாத மரணமா என்ற கொடுமையான கேள்வி வரும். அந்த முடிவை நீங்கள் ஒருவராகச் சுமக்க வேண்டியதில்லை. நீங்கள் கூட்டி வராததால் வந்த முடிவு அது என்று யாராவது சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த நாயைக் களத்தில் இறக்கியவர்கள் செய்த கொடுமை அது.

அடுத்த சனிக்கிழமை போகும்போது எஃப்ஐஆர் நகலையும் ஒப்படைப்பு உத்தரவையும் கேட்டுப் பாருங்கள். மணியின் எடை, ரேபிஸ் ஊசி போட்ட தேதி, கடைசியாக உண்ணி மருந்து கொடுத்த தேதி மூன்றையும் குறித்து எனக்கு எழுதுங்கள். எந்தெந்தப் பரிசோதனை, எந்த வரிசையில் என்று காப்பகத்து மருத்துவருக்குக் கொடுக்கும்படி ஒரு பட்டியல் அனுப்புகிறேன்.